ஒத்து ஊதிய கீபோர்டு

எங்க ஊர் திருக்கடையூர். ஹாஸ்டல்ல முதல் நாள் ஊர் பேரைச் சொன்னதும் வந்த முதல் கேள்வி: "அறுபதாம் கல்யாணம் பண்ற ஊர்தானே?" அதேதான். அறுபதுக்கு சஷ்டியப்தபூர்த்தி, எழுபதுக்கு பீமரத சாந்தி, எண்பதுக்கு சதாபிஷேகம். காலைல ஆறு மணிக்கு சன்னதித் தெருவுல நின்னா மாலையும் கழுத்துமா ஒரு பாட்டி தாத்தா ஜோடி, பின்னாடியே பேரப் பிள்ளைங்க, முன்னாடி நாயனம், தவில். எமனைக் கொஞ்சம் தள்ளிப் போகச் சொல்றதுக்காகவே ஊர் ஊரா கிளம்பி வர்ற இடம் அது.

அந்த ஊர்ல பிறந்த நான் கல்லூரியில் எடுத்தது ஒரு பேய்ப் படம். சரியாச் சொல்லணும்னா சயின்ஸ் ஃபிக்‌ஷன் பேய்ப் படம். போன செமஸ்டர் கல்ச்சுரல்ஸ்ல குறும்படப் போட்டின்னு அறிவிச்சாங்க. நாங்க அஞ்சு பேர் சேர்ந்தோம். கதை இதுதான்: லேப்ல ஒரு மிஷின், செத்துப்போன எலியை எழுப்பிவிடும். அப்புறம் ஒருநாள் ராத்திரி வாட்ச்மேன் மாரடைப்புல விழுவார். மீதியை நீங்களே ஊகிச்சுக்கலாம். மொத்த பட்ஜெட் 3,800 ரூபாய். அதுல பாதி பிரியாணி. புகை வேணும்னு டைரக்டர் நண்பன் அடம் பிடிச்சான். புகை மிஷின் வாடகை கட்டுப்படியாகல, சாம்பிராணி போட்டோம். அதனால எங்க லேப் ஏதோ வெள்ளிக்கிழமை பூஜை மாதிரி தெரிஞ்சது.

இசை என் தலைல விழுந்தது. காரணம், நான் இசிஇ. "உனக்குத்தான்டா சிக்னல் எல்லாம் தெரியும்." என்கிட்ட இருந்தது ரூம்மேட்டோட சின்ன கீபோர்டும் லேப்டாப்ல ஓசி சாஃப்ட்வேரும்தான்.

சரி, இந்த மாதிரிப் படத்துக்கு எல்லாரும் ஏன் சிந்தசைசரையே பிடிக்கிறாங்கன்னு தேட ஆரம்பிச்சேன். எதிர்காலம், மிஷின், வேற்று கிரகம்னு பெரிய தத்துவம் ஏதாவது இருக்கும்னு நினைச்சேன். பெரும்பாலும் இருந்தது ஒரே காரணம். காசு இல்ல.

1978-ல் வந்த 'ஹாலோவீன்' படத்தையே எடுத்துக்குங்க. மொத்த பட்ஜெட் மூணு லட்சம் டாலருக்குக் கொஞ்சம் மேலதான். ஆர்கெஸ்ட்ரா வைக்க வழியில்லாம டைரக்டர் ஜான் கார்பென்டரே சிந்தசைசரும் பியானோவும் வச்சு மூணு நாள்ல இசையை முடிச்சார். அந்த மெயின் தீம் அஞ்சு தட்டுத் தாளம். சின்ன வயசுல அவங்க அப்பா சொல்லிக்கொடுத்தது. இசை சேர்க்கிறதுக்கு முன்னாடி படத்தைப் பார்த்த ஒரு ஸ்டூடியோ அதிகாரிக்கு பயமே வரலைன்னு அவரே எழுதியிருக்கார்.

1984-ல் 'தி டெர்மினேட்டர்'. இசை பிராட் ஃபீடல். அந்தத் தட தட தாளம் கேட்டிருப்பீங்க, எண்ணிப் பார்த்தா எதுலயும் அடங்காது. சீக்வென்சர்ல லூப் வைக்கும்போது அவர் பட்டனை ஒரு நூலிழை தள்ளி அழுத்திட்டார். மிஷினுக்கு அது தப்புன்னு தெரியாதே, அப்படியே திரும்பத் திரும்ப வாசிச்சது. அவருக்கும் பிடிச்சுப்போய் விட்டுட்டார். அதுல வர்ற இரும்புச் சத்தம், இரும்பு தோசைக்கல் மாதிரியான ஒரு வாணலியை மைக் முன்னாடி வச்சுத் தட்டினது.

இதுக்கெல்லாம் முன்னாடியே, 1956-ல் 'ஃபர்பிடன் பிளானட்'. பெபே பாரன், லூயி பாரன்னு ஒரு கணவன் மனைவி. சிந்தசைசர்னு ஒரு பொருள் கடையில் கிடைக்காத காலம். வால்வ் சர்க்யூட்டைத் தாங்களே கட்டி, அதிகமா கரண்ட் விட்டு, அது கத்திக் கதறிக் கருகிப் போறவரைக்கும் டேப்ல பதிவு பண்ணினாங்க. ஒரு சர்க்யூட் கருகினா முடிஞ்சது, அதே சத்தம் மறுபடி வராது. நம்ம லேப்ல ஐசி கருகினா வைவா கேள்விதான் வரும், அவங்களுக்குப் படத்துக்கு இசை வந்திருக்கு.

நம்ம நாட்டுல இதுக்கு ஒரு பாம்புப் படத்துலேர்ந்து ஆரம்பிக்கணும். 1954-ல் வந்த இந்திப் படம் 'நாகின்'. அதுல வர்ற மகுடிச் சத்தம் மகுடி இல்ல. கிளாவியோலின்னு ஒரு எலெக்ட்ரானிக் கீபோர்டு, வாசிச்சவர் கல்யாண்ஜி. மூச்சு விட்டு ஊதுற வாத்தியத்தோட வேலையை விரல் அழுத்துற வாத்தியம் பார்த்த கதை, அப்பவே ஆரம்பிச்சாச்சு. தமிழ்ல எண்பதுகளில் கீபோர்டு வெள்ளம். 1986-ல் 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா கம்ப்யூட்டரையே இசைக்குக் கொண்டுவந்தார். அதே வருஷம் 'விக்ரம்'.

எங்க கதைக்கு நேரா அண்ணன் முறை ஆகுற படம் ஒண்ணு 1989-ல் வந்திருக்கு: 'நாளைய மனிதன்'. வேலு பிரபாகரன் டைரக்டரா எடுத்த முதல் படம். பிரபு, அமலா, ஜெய்சங்கர், அஜய் ரத்னம். இசை பிரேமி-ஸ்ரீனி. செத்தவனை எழுப்ப ஒரு மருந்து, எழுந்து வர்றவன் கொலைகாரன். அடுத்த வருஷமே 'அதிசய மனிதன்'னு ரெண்டாம் பாகம். ஜாம்பின்னா 'மிருதன்'தான்னு நினைச்சுட்டிருந்த எங்களுக்கு அது ஒரு கன்னத்துல அறை.

இவ்வளவும் படிச்சுட்டு நானும் போட்டேன். எளிமையான வித்தை. ஒரு ஆசிலேட்டர் 110 ஹெர்ட்ஸ், இன்னொண்ணு 110.5 ஹெர்ட்ஸ். ரெண்டும் சேர்ந்து ரெண்டு செகண்டுக்கு ஒருதடவை வீங்கி வீங்கி அடங்கும். பீட்ஸ், பிளஸ் ஒன் பிசிக்ஸ். மேல கொஞ்சம் இரைச்சல், ஃபில்டர், நிறைய எதிரொலி. நாலு நிமிஷம் நிக்காம ஓடுற ஒரு உறுமல். ஹெட்போன்ல கேட்டப்ப எனக்கே உடம்பு சிலிர்த்தது. படத்துல வச்சுப் போட்டுக் காட்டினேன். டைரக்டர் பார்த்துட்டுச் சொன்னான்: "பயமே இல்லடா. ஃபிரிட்ஜ் ஓடுற மாதிரி இருக்கு."

அந்தக் கோவத்தோடயே பொங்கல் லீவுக்கு ஊருக்கு வந்தேன்.

இங்க தாத்தாவைப் பத்திச் சொல்லணும். அம்மாவோட அப்பா. இப்ப சன்னதித் தெருப் பக்கம் ஒரு பூக்கடையில மாலை கட்டுறார். மாலைக்கு முன்னாடி அவருக்கு வேற தொழில். நாம பேசும்போது "அவனுக்கு ஏன்டா ஒத்து ஊதுறே"ன்னு சொல்றோம் இல்லையா, ஆமாம் சாமி போடறவனைத் திட்டுற வார்த்தை. அது ஒரு நிஜமான வேலை. எங்க தாத்தா நிஜமாவே ஒத்து ஊதினவர்.

தெரியாதவங்களுக்கு: ஒத்துங்கிறது பார்க்க நாயனம் மாதிரியே நீளமா இருக்கும். ஆனா விரல் வச்சு வாசிக்கத் துளை கிடையாது. கீழ இருக்கிற துளைகளை மெழுகு வச்சு அடைச்சு சுருதி சேர்ப்பாங்க. அதுல வர்றது ஒரே ஒரு சுரம். ராகம் இல்ல, பாட்டு இல்ல. நாயனக்காரர் வாசிச்சு முடிக்கிற வரைக்கும், சாமி புறப்பாடுன்னா நாலு வீதியும் சுத்தி வர்ற வரைக்கும், அந்த ஒரே சுரம் அறுபடாம வரணும். நாயனக்காரர் இடையில மூச்சு வாங்கிக்கலாம். ஒத்துக்காரர் வாங்குறது தெரியக் கூடாது. கன்னத்துல காத்தை அடக்கி அதை வெளில தள்ளிக்கிட்டே மூக்கு வழியா உள்ள இழுக்கணும். பப்பாளிக் காம்பை சொம்புத் தண்ணில விட்டு ஊதிப் பழகணுமாம். குமிழி நிக்கக் கூடாது. நின்னா தலையில குட்டு. தாத்தா ஒன்பது வயசுல ஆரம்பிச்சிருக்கார்.

அப்புறம் எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டி வந்தது. டிபன் பாக்ஸ் சைஸ்ல ஒரு பெட்டி, ஒரு திருகு, ஒரு ஸ்பீக்கர். சில வருஷத்துல செட்டுல ஒத்துக்காரர் இடம் காலி. தாத்தா மாலை கட்டப் போனார். அந்தப் பூக்கடைக் காசும் சேர்ந்துதான் என் முதல் வருஷ ஃபீஸ் கட்டினது. நான் படிக்கிறது இசிஇ. அதாவது அந்தப் பெட்டியைச் செய்யுற படிப்பு. இதை நான் அதுவரைக்கும் ஒருதடவைகூட யோசிச்சதில்ல.

போகி அன்னிக்கு ராத்திரி திண்ணையில உட்கார்ந்து லேப்டாப்ல என் உறுமலை மறுபடி மறுபடி போட்டுட்டிருந்தேன். தாத்தா நாளைக்கு வேணும்கிற நாரைக் கிழிச்சுட்டிருந்தார்.

"என்னா தம்பி அது?"

"படத்துக்கு இசை தாத்தா. பயம் வரணும். வர மாட்டேங்குது."

ஹெட்போனைக் கொடுத்தேன். காதுல மாட்டிக்கிட்டு கண்ணை மூடிக்கிட்டார். ரெண்டு நிமிஷம் அசையல. தூங்கிட்டாரோன்னு பார்த்தேன்.

"நல்ல ஒத்து" என்றார்.

"ஒத்து இல்ல தாத்தா, சிந்தசைசர்."

"எந்த எழவா இருந்தா என்னா. ஒரே சுரம், நிக்கல, மூச்சு வாங்குறது தெரியல. ஒத்துதானே? நான் நாப்பது வயசு வரைக்கும் இப்படி ஊதணும்னுதான் பாடுபட்டேன். எங்கயாவது ஒரு எடத்துல இழைஞ்சிடும். இது இழையல." ஹெட்போனைக் கழட்டினார். "ஆனா இதுக்கு யாரு பயப்படுவா? நல்ல ஒத்துன்னா அது யாரு காதுலயும் வுழாது. கொஞ்ச நேரத்துல காது பழகிடும். ஃபேன் ஓடுற மாதிரி. இருக்கிறதே தெரியாது."

ஃபிரிட்ஜ்னு டைரக்டர் சொன்னதும் ஃபேன்னு தாத்தா சொன்னதும் ஒண்ணுதான்.

"அப்ப என்ன தாத்தா பண்றது?"

அவர் உடனே பதில் சொல்லல. ஒரு கதை சொன்னார். ஒரு வருஷம் ராத்திரிப் புறப்பாடு. தெற்கு வீதி திரும்புற இடத்துல நல்ல கல்யாணி போயிட்டிருக்கு. தீவட்டிப் புகை மூஞ்சில அடிச்சு தாத்தாவுக்குப் புரை ஏறிடுச்சு. ஒத்து நின்னுபோச்சு. ஒரு கண் சிமிட்டுற நேரம்தான். நாயனக்காரர் விரல் நின்னது. தவில்காரர் திரும்பினார். சாமியைத் தூக்கிட்டு வந்தவங்க திரும்பினாங்க. கும்பிட்டுட்டு நின்ன சனம் மொத்தமும் திரும்பிப் பார்த்திச்சு.

"அத்தினி வருசத்துல ஒத்துன்னு ஒண்ணு இருக்குன்னு சனம் பாத்தது அன்னைக்குத்தான். நிக்கிறப்பதான் பாக்கும். நீ இதை வுட்டு வுட்டு ஓட்டாத தம்பி. நல்லாப் பழகவுட்டு, அப்பறம் பட்டுன்னு நிறுத்து. பயந்துக்குவாங்க."

இதை நான் நம்ம பாஷையில சொல்றேன். சிந்தசைசர்ல ஒரு சத்தத்தோட வாழ்க்கைக்கு நாலு கட்டம்: அட்டாக், டிகே, சஸ்டெயின், ரிலீஸ். அட்டாக்ல சத்தம் எழும், டிகேல கொஞ்சம் இறங்கும், சஸ்டெயின்ல நிக்கும், ரிலீஸ்ல அடங்கும். இதுல அட்டாக், டிகே, ரிலீஸ் மூணையும் நேரத்துல சொல்லுவோம், இத்தனை மில்லிசெகண்டுன்னு. சஸ்டெயினுக்கு மட்டும் நேரமே கிடையாது. அது வெறும் அளவு. விரலை எடுக்கிற வரைக்கும் அது நிக்கும். ஒரு மணி நேரமானாலும் சரி, ஒரு யுகமானாலும் சரி. புத்தகத்துல படிச்சு பரீட்சைலயும் எழுதினதுதான். சாகாத சத்தம்னு அதுக்கு அர்த்தம்னு அன்னைக்குத்தான் உறைச்சது.

எங்க ஊர்க் கதையை முழுசாக் கேட்டவங்க கம்மி. பதினாறு வயசு மார்க்கண்டேயன் லிங்கத்தைக் கட்டிப் பிடிச்சான், எமன் பாசக் கயிறு வீசினான், சிவன் எமனை உதைச்சார். இதோட எல்லாரும் நிறுத்திடுவாங்க. மீதி இருக்கு. எமன் செத்ததும் பூமியில யாருக்கும் சாவு இல்ல. பிறக்கிறது மட்டும் நடக்குது. பாரம் தாங்காம பூமாதேவி போய் முறையிடுறா. அப்புறம்தான் சிவன் எமனை மறுபடி எழுப்பி வேலையில வைக்கிறார். 'நாளைய மனிதன்' செத்தவனை எழுப்பினா என்ன ஆகும்னு கேட்டது. எங்க ஊர் அதுக்கு ரொம்ப முன்னாடியே, யாருமே சாகலைன்னா என்ன ஆகும்னு கேட்டு வச்சிருக்கு. சாக விடாத மிஷினைப் பத்தி ஒரு படம் எடுத்துட்டு, அதுக்கு நிக்காத சத்தத்தைப் போட்டு, பயம் வரலையேன்னு உட்கார்ந்திருந்தேன் நான். ரிலீஸ்ங்கிற ஒண்ணை மறந்துட்டேன்.

தாத்தாகிட்ட ரொம்ப நாளா கேட்காத ஒண்ணையும் அன்னைக்குக் கேட்டேன். "அந்தப் பெட்டி மேல கோவம் இல்லையா தாத்தா?"

"பெட்டி மேல என்னா கோவம்? அது ஒழுங்காத்தான் ஊதுது." நாரை எடுத்து மறுபடி கிழிக்க ஆரம்பிச்சார். "மொத நாள் பெட்டிய வச்சுக்கிட்டு செட்டு கெளம்பிச்சு. நான் இதே திண்ணையிலதான் உக்காந்திருந்தேன். எல்லாரும் போனாங்க. ஒருத்தராவது எங்க அவருன்னு கேப்பாங்கன்னு பாத்தேன். கேக்கல. அவ்ளோ நல்லா ஊதியிருக்கேன் போல."

அவர் சிரிச்சார். எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. மனுஷன் இருக்கிறது தெரியக் கூடாதுங்கிறதுதான் அவர் முப்பது வருஷம் கத்துக்கிட்ட வித்தை. அதை ஒழுங்காக் கத்துக்கிட்டதுனாலயே, அவர் இல்லாததும் யாருக்கும் தெரியாமப் போச்சு.

மறுநாள் பரண்லேர்ந்து ஒத்தை இறக்கினோம். பழைய வேட்டியில சுத்தி வச்சிருந்தார். சீவாளி வெடிச்சுக் கிடந்தது. தெரிஞ்ச நாயனக்கார மாமாகிட்ட ஒண்ணு வாங்கியாந்தேன். ஃபோனை ரெக்கார்டிங்ல போட்டேன். தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்து, எச்சில் கூட்டி சீவாளியை நனைச்சு, ஊதினார். பதினோரு செகண்ட். அதுக்குள்ள ரெண்டு இடத்துல சத்தம் இழைஞ்சது, அப்புறம் இருமல். தைக்கு எண்பது முடியுது அவருக்கு. ஊர் உலகம் எங்க தெருவுக்கு வந்து எண்பதாம் கல்யாணம் பண்ணிட்டுப் போகுது. எங்க வீட்ல அதைப் பத்தி யாராவது பேச்செடுத்தா "நமக்கு எதுக்கு அந்தச் செலவு"ம்பார்.

"இதைப் படத்துல வச்சுக்கவா தாத்தா?"

"வேணாம். இது ஒத்து இல்ல. பெட்டியே போடு."

அந்தப் பதினோரு செகண்ட் இன்னும் என் ஃபோன்லதான் இருக்கு. அவர் வேணாம்னுட்டார், அதனால படத்துல வைக்கல.

கல்லூரிக்குத் திரும்பி வந்து என் நாலு நிமிஷ உறுமலை எடுத்தேன். ஒரு மாத்தமும் பண்ணல. ஃபில்டர் சேர்க்கல, சத்தத்தைக் கூட்டல. லேப் சீன் ஆரம்பத்துலேர்ந்து ரொம்ப மெதுவா, ஏசி சத்தம் மாதிரி, இருக்கிறதே தெரியாத அளவுக்கு ஓட விட்டேன். வாட்ச்மேன் தரையில கிடக்கார். மிஷின் விளக்கு எரியுது. அவர் விரல் அசையுற அந்த ஃபிரேம்ல சஸ்டெயினை வெட்டினேன். ரிலீஸ் பூஜ்யம். அப்புறம் மூணு செகண்ட் ஒண்ணுமே இல்ல.

செமினார் ஹால்ல போட்டாங்க. சாம்பிராணிப் புகை வந்தப்ப எல்லாரும் சிரிச்சாங்க, எதிர்பார்த்ததுதான். வாட்ச்மேன் விழுந்தப்பவும் சிரிச்சாங்க, ஏன்னா அது எங்க கிளாஸ் ரெப். அப்புறம் அந்த ஃபிரேம். சத்தம் நின்னது. கடைசி வரிசையில ரெண்டு பேர் ஸ்பீக்கர் போச்சுன்னு நினைச்சுப் பின்னாடி திரும்பிப் பார்த்தாங்க. அதே நொடியில வாட்ச்மேன் கண்ணைத் திறந்தான். முன் வரிசையில ஒரு சீனியர் அக்கா கையில இருந்த காப்பி கொட்டிடுச்சு. எனக்கு அது போதும்.

ஆறுதல் பரிசுதான் கிடைச்சது. டைட்டில்ல "ஒத்து"ன்னு போட்டு தாத்தா பேரைப் போட்டிருந்தோம். அதைப் பார்த்துட்டு ஹால்ல பலமா ஒரு சிரிப்பு. டைரக்டருக்கு ஆமாம் சாமி போட்டவன் யாரோ இருக்கான், அவனைக் கலாய்க்கிறோம்னு நினைச்சுட்டாங்க. மைக்கைப் பிடிச்சு விளக்கம் சொல்லலாமான்னு இருந்தது. அதுக்குள்ள அடுத்த படம் போட்டுட்டாங்க. அதனாலதான் இங்க எழுதறேன்.

ராத்திரி தாத்தாவுக்கு ஃபோன் பண்ணினேன்.

"நிறுத்துனியா?"

"நிறுத்தினேன் தாத்தா."

"திரும்பிப் பாத்தாங்களா?"

"பார்த்தாங்க."

"சரி வையி. நாளைக்கு முகூர்த்தம், பதினோரு ஜோடி வருது. மாலை இன்னும் பாதி கட்டல."